முற்றத்தில் உடைபடும் அகீக்

வெள்ளி மோதிரத்தில் பதித்த ஓர் அகீக் கல்லை விரலால் தடவிப் பாருங்கள். ஈரமான சவர்க்காரம் போல வழுக்கும். அந்த வழுவழுப்பு கல்லின் பிறவிக்குணம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். நபி (ஸல்) அவர்கள் அணிந்த வெள்ளி மோதிரத்தில் அபிசீனியக் கல் ஒன்று பதிக்கப்பட்டிருந்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அது அகீக் வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று விளக்கவுரையாளர்கள் சிலர் கருதியுள்ளனர். இதனால் நமது குடும்பங்களில் இந்தக் கல்லுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் சென்று வருவோர் தஸ்பீஹாகவும் மோதிரமாகவும் இதை வாங்கி வருகிறார்கள்.

கேட்டால் "யெமன் கல்" என்பார் கடைக்காரர். யெமனில் நல்ல அகீக் கிடைப்பது உண்மைதான். ஆனால் அரபு நாடுகளுக்கும் ஆபிரிக்கக் கரைக்கும் நூற்றாண்டுகளாக அகீக் மணிகளை அனுப்பி வந்த இடம் இந்தியாவின் குஜராத்திலுள்ள கம்பாத். ஆங்கிலேயர் அதனைக் காம்பே என்றார்கள். கப்பல்கள் வந்து போன அந்தத் துறைமுகம் மண் மூடிப் பல காலமாகிவிட்டது. கல் வேலை மட்டும் நிற்கவில்லை. அதன் பெரும்பகுதி தொழிற்சாலையில் நடப்பதன்று. வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலும் நடப்பது. பெரிய கல்லை உடைப்பது, சிறு துண்டாக்குவது, சாணையில் தேய்ப்பது எல்லாம் சோறு சமைக்கும் அதே வீட்டில்தான்.

மெருகைப் பற்றிச் சொல்வார் நிறையப் பேர் உண்டு. அதற்கு முன்னால் நடக்கும் உடைப்பைப் பற்றியும், உடைக்கும்போது எழும் தூசைப் பற்றியும் சொல்வார் குறைவு. கல்லுக்கு மெருகேற்றும் சிறு இயந்திரங்கள் இப்போது பிள்ளைகளுக்கான அன்பளிப்பாகவும் விற்பனைக்கு வந்துள்ளன. வெளிநாட்டிலிருக்கும் மாமாவோ சாச்சாவோ ஒன்றை அனுப்பி வைத்தால், அடுத்த நாளே மகன் தேங்காய் அளவு கல்லொன்றையும் சுத்தியலையும் தூக்கிக்கொண்டு குசினி வாசலுக்கு வந்து நிற்பான். ஆகவே இது தாய்மார் அறிந்திருக்க வேண்டிய விடயம்.

கல்லை ஏன் உடைக்க வேண்டும்?

கடற்கரைக் கூழாங்கல்லை வழுவழுப்பாக்கியது அலை. மணலோடும் மற்றக் கற்களோடும் சேர்த்து வருடக் கணக்காக உருட்டி உருட்டி அது அந்த வேலையைச் செய்கிறது. அதையே ஒரு பீப்பாவுக்குள் செய்வித்தால் அதுதான் உருட்டு மெருகு. றப்பரால் ஆன சிறு பீப்பா ஒன்றில் கல், தண்ணீர், கல்லை விடக் கடினமான தூள் மூன்றையும் போட்டு மூடி, மோட்டாரால் இரவு பகலாக மெதுவாக உருட்டுகிறார்கள். கற்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியும்போது இடையில் அகப்படும் தூள் அவற்றின் முனைகளை அரைத்து எடுக்கிறது.

அந்தத் தூள் பெரும்பாலும் சிலிக்கன் காபைட்டு. எட்வேட் அச்சிசன் என்ற அமெரிக்கர் 1891இல் மின் உலையில் செய்து 'காபரண்டம்' என்று பெயரிட்டது. நமது வீடுகளில் கத்தி தீட்டும் கறுப்புச் சாணைக்கல் பலவும் இதுவே. முதல் வாரம் பருமனான தூள், அடுத்த வாரம் அதை விட நுண்ணியது, மூன்றாம் வாரம் மாவு போன்றது, கடைசியில் அலுமினிய ஒக்சைட்டு போன்ற மெருகுத் தூள். ஆக ஏறத்தாழ ஒரு மாதம். இடையில் ஒவ்வொரு முறையும் கல்லையும் பீப்பாவையும் சுத்தமாகக் கழுவ வேண்டும். பருமனான தூளில் ஒரு மணி தங்கிவிட்டாலும் மெருகில் கீறல் விழும். இட்டலி மாவில் கல் கடிபட்டது போலத்தான்.

கல் பீப்பாவுக்குள் சரிய வேண்டும், விழக்கூடாது. இதுதான் சூட்சுமம். பெரிய கல்லைப் போட்டால் அது உயரத்திலிருந்து விழுந்து மற்றவற்றை மோதி, மேற்பரப்பில் நகக்குறி போன்ற பிறை வடிவ வெடிப்புகளை உண்டாக்கும். வீட்டு இயந்திரங்களின் பீப்பா பெரும்பாலும் மூன்று இறாத்தல் கொள்வது. அதற்குள் ஒன்றரை அங்குலத்துக்கு மேற்பட்ட கல் ஆகாது. பெரும்பகுதி அதை விடவும் சிறியதாக, பட்டாணி அளவுத் துண்டுகளும் கலந்து, பீப்பாவின் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேலாக நிறைந்திருக்க வேண்டும். ஆனால் நிலத்திலிருந்து கிடைக்கும் கல் அப்படி அளவு பார்த்துக் கிடைப்பதில்லையே. கம்பாத்துக்காரர்களுக்கும் அதே பிரச்சினைதான். அதை அவர்கள் எப்படித் தீர்த்தார்கள் என்பது கேட்கத் தகுந்த கதை.

கொம்புச் சுத்தியல்

கம்பாத்துக்குத் தெற்கே, நர்மதை ஆற்றுக்கு அப்பால், பரூச் மாவட்டத்தில் ரத்தன்பூர் என்ற சிற்றூர் இருக்கிறது. தக்காணத்து எரிமலைப் பாறைகளின் காற்றுக் குமிழிகளில் சிலிக்கா படிந்து படிந்து உண்டான அகீக், பாறை தேய்ந்தபின் உதிர்ந்து, ஆற்றுக் கற்களோடு அங்கே புதைந்து கிடக்கிறது. குழி தோண்டி அதை எடுக்கிறார்கள். போர்த்துக்கீசரான துவார்த்தே பார்போசா 1516ஆம் ஆண்டளவில் எழுதி முடித்த தமது நூலில் இந்தப் பகுதியில் கல் எடுப்பதையும் கம்பாத்தில் அதைப் பண்டமாக்குவதையும் குறிப்பிட்டிருக்கிறார். அதற்கும் மிக முந்தியது இந்தத் தொழில். கம்பாத்துக்குச் சற்று மேலே லோத்தல் என்ற சிந்துவெளிக் காலத்து ஊரை 1955 முதல் அகழ்ந்தபோது மணி செய்யும் பட்டறை ஒன்றே வெளிப்பட்டது. ஈராக்கின் ஊர் நகரத்து அரச கல்லறைகளில் சிந்துவெளிச் செவ்வகீக் மணிகள் கிடைத்துள்ளன. நாலாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட வியாபாரம்!

ரத்தன்பூருக்கு அருகே ஒரு குன்றின் மேல் பாபா கோர் என்பவரின் தர்கா உண்டு. அபிசீனியாவிலிருந்து வந்து இங்கு அகீக் தொழிலை வளர்த்த பெரியார் என்று அவரைச் சொல்கிறார்கள். ஆபிரிக்க வம்சத்து முஸ்லிம்களான சித்திகள் அந்த இடத்தோடு இன்றும் தொடர்புடையவர்கள். அபிசீனியக் கல், அபிசீனியப் பெரியார் என்ற இந்தப் பொருத்தம் தற்செயலாகவே இருக்கலாம். ஆனாலும் கல்லும் மனிதர்களும் ஒரே கடலில் எத்தனை முறை போய் வந்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது.

தோண்டி எடுத்த கல்லை உடனே உடைப்பதில்லை. முதலில் வெயிலில் நீண்ட நாள் காயவிடுவார்கள். உள்ளிருக்கும் ஈரம் போக வேண்டும். பிறகு மண்சட்டிகளில் வைத்து, சாணத் தூள் அல்லது மரத்தூளை மூட்டி மெல்லிய சூட்டில் இரவு முழுவதும் வேகவைத்து, தானாகவே ஆறவிடுவார்கள். இதில் இரண்டு நன்மை. கல் உடைவதற்கு இணங்கி வரும். கல்லிலுள்ள இரும்புச் சத்து மஞ்சளும் பழுப்புமாக இருந்தது சிவப்பாக மாறும். நாம் விரும்பி வாங்கும் சிவப்பு அகீக்கின் நிறம் பல நேரம் அந்தச் சட்டியில் கிடைத்த நிறந்தான். இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. கல்லும் இரும்பும் கல்லுடையவை, சூடு மட்டுமே மனிதனுடையது.

உடைக்கும் விதம் நாம் நினைப்பதற்கு நேர்மாறானது. நாம் கல்லைத் தரையில் வைத்து இரும்பால் அடிப்போம். அவர்களோ கூரிய இரும்புக் கம்பி ஒன்றைச் சாய்வாகத் தரையில் நட்டு, கல்லின் விளிம்பை அதன் முனையில் பொருத்திப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தில் எருமைக் கொம்பால் ஆன சுத்தியலால் தட்டுகிறார்கள். கொம்பு மென்மையானது, கைப்பிடியோ வளைந்து கொடுக்கும் மெல்லிய குச்சி. எனவே அடிபட்ட இடம் நொறுங்காது. இரும்பு முனை தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு சில்லு பெயர்ந்து விழும். தட்டத் தட்டக் கல்லைத் திருப்பிக்கொண்டே வருவார்கள். வேண்டாத சில்லுகள் பெயர்ந்து, மணியின் உருவம் கையில் மிஞ்சும். தொல்லியலாளர்கள் அமெரிக்காவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் கம்பாத்துக்கு வந்து இந்தக் கைவேலையைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். சிந்துவெளி மக்கள் எப்படிச் செய்தார்கள் என்பதை விளங்கிக்கொள்ள அவர்களுக்கு இதை விட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை.

சில்லெடுத்த பிறகுதான் சாணையும் உருட்டு மெருகும். முன்பெல்லாம் மணிகளைத் தோல் பையில் தண்ணீரோடும் தூளோடும் கட்டி, எதிரெதிரே இரண்டு பேர் அமர்ந்து நாட்கணக்கில் காலால் அங்கும் இங்கும் உருட்டுவார்களாம். இப்போது மின்சாரப் பீப்பா. பிள்ளைகளின் அன்பளிப்பு இயந்திரத்தின் பெரிய அண்ணன் அது.

கண்ணுக்குத் தெரியாத தூசு

இவ்வளவும் அழகான கதை. இனி சொல்லப்போவது அழகானதன்று.

அகீக் என்பது சிலிக்கா. பளிங்குக்கல், வெண்கல், மணற்கல், சூரியகாந்தக்கல் எல்லாவற்றிலும் இருப்பது இதுவே. கருங்கல்லிலும் ஒரு பங்கு உண்டு. கல்லாகக் கிடக்கும்வரை அது யாருக்கும் தீங்கு செய்வதில்லை. உடைத்தாலும் உலர்வாகத் தேய்த்தாலும் தூசாகிறது. அந்தத் தூசில் கண்ணுக்குத் தெரியும் பருமனான துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, தும்மலிலும் சளியிலும் வெளியே வந்துவிடும். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்து அதில் நாலைந்து பங்கு மட்டுமே பருமனுள்ள துகள்கள்தான் பொல்லாதவை. அவை வெயிற் கதிரில்கூடச் சரியாகத் தெரியாது. மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். சுவாசப்பையின் அடி வரை போகும்.

அங்கே உடலின் காவற்கலங்கள் அவற்றை விழுங்கப் பார்க்கின்றன. கல்லை எப்படிச் செரிப்பது? விழுங்கிய கலம் இறக்கிறது, துகள் மீண்டும் வெளியே வருகிறது, அடுத்த கலம் விழுங்குகிறது. இப்படியே நடந்து நடந்து அந்த இடம் தழும்பாகிறது. தீப்பட்ட தோல் தடித்து இறுகுவது போலச் சுவாசப்பை இறுகிப் போகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். சாதாரணமாகப் பத்து வருடத்துக்கு மேல் தூசில் வேலை செய்தவர்களுக்கே வரும். தூசு மிக அதிகமானால் ஐந்து வருடத்துக்குள்ளும் வரும். இறுகிய சுவாசப்பையைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. வேலையை விட்ட பின்னும் நோய் வளரக்கூடும். சிலிக்காத் தூசு புற்றுநோயும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997இல் வகைப்படுத்தியது.

இது புதிதாகக் கண்டுபிடித்த நோயன்று. ஜோர்ஜியஸ் அக்ரிகோலா என்ற ஜேர்மானியர் சுரங்கத் தொழில் பற்றி எழுதிய பெருநூல் 1556இல் வெளிவந்தது. கார்பாத்திய மலைச் சுரங்கங்களில் தூசு ஆண்களைத் தின்றுவிடுவதால் ஏழு கணவர்களை மணந்த பெண்கள் அங்கே இருந்ததாக அவர் எழுதியிருக்கிறார். கணவர்களின் நோயை எழுதியவர் பலர். அந்த ஏழாவது நிக்காஹ்வுக்குப் போகும்போது அந்தப் பெண்ணின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று எழுதியவர் இல்லை.

கம்பாத்திலும் பக்கத்து ஷகர்பூர் கிராமத்திலும் இதே துயரந்தான் நடந்தது. கையால் கல்லைத் தேய்த்த காலத்தில் தூசு குறைவு. மின்சாரச் சாணைச் சக்கரம் வந்தபோது வேலை வேகமாயிற்று, தூசும் வேகமாயிற்று. சக்கரத்தின் முன் குனிந்து அமர்ந்திருப்பவரின் முகத்துக்கு நேரே வெண்புகை போல அது எழும். வேலை நடப்பது வீட்டில் என்பதால், வேலை முடிந்து வீட்டுக்குப் போவது என்ற ஒன்றே இல்லை. சாணையில் அமராத மனைவிக்கும், திண்ணையில் விளையாடும் பிள்ளைக்கும், சில வேளை அடுத்த வீட்டாருக்கும் அதே காற்றுத்தான். அகமதாபாத்திலுள்ள தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் இந்தத் தொழிலாளரைப் பல தடவை பரிசோதித்தது. கல் வேலையே செய்யாமல் அதன் அருகில் வாழ்ந்தவர்களையும் தூசு விடவில்லை என்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர்.

அதே நிறுவனம் சக்கரத்தின் அருகிலேயே தூசை உறிஞ்சி இழுக்கும் ஒரு கருவியையும் அமைத்துக் கொடுத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் துண்டுக் கணக்கில் கூலி வாங்கும் ஒரு குடும்பத்துக்கு, கருவியின் விலையும் அதற்கான மின்சாரமும் யார் செலவு என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. சட்டமும் அதிகம் துணை நிற்கவில்லை. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்விசை பாவிக்கும் இடமானால் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்று ஏற்றது. உம்மாவும் வாப்பாவும் இரண்டு பிள்ளைகளும் வேலை செய்யும் வீடு அந்தக் கணக்கில் வரவில்லை. தொழிற்சாலை இல்லையென்றால் முதலாளி இல்லை; முதலாளி இல்லையென்றால் நட்டஈடு யாரிடம் கேட்பது? மோதிரக் கல்லின் விலையைப் பேரம் பேசும்போது இந்தக் கணக்கு நம் நினைவுக்கு வருவதில்லை.

வீட்டில் உடைப்பதென்றால்

பிள்ளை ஆசைப்பட்டு இரண்டு கல்லை உடைத்ததால் இந்த நோய் வந்துவிடுமா என்று தாய்மார் பயப்பட வேண்டாம். வராது. வருடக் கணக்கில், மூடிய இடத்தில், உலர்ந்த கல்லில் வேலை செய்வோருக்கு வருவது அது. ஒரு நாள் வேலையில் பயப்பட வேண்டியது கண்ணுக்குத்தான். அகீக்கும் பளிங்கும் உடையும்போது கண்ணாடி போலவே சில்லெடுக்கும். அந்தச் சில்லின் விளிம்பு சவர அலகு போன்றது. ஆகவே முதலில் வாங்க வேண்டியது சுத்தியல் அன்று, பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி. உடைப்பவருக்கு மட்டுமன்றிப் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கும் வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும் சின்னத் தங்கச்சியின் கண்ணிலும் சில்லு தெறிக்கும்.

உடைக்கும் இடம் வெளி முற்றமாக இருக்கட்டும். குசினியும் விறாந்தையும் ஆகாது. கல்லை ஒரு நாள் தண்ணீர் வாளியில் ஊறப் போட்டு, ஈரத்தோடே எடுத்து, நனைத்த தடித்த சாக்கில் இரண்டு மூன்று சுற்றாகச் சுற்றிக்கொள்ளுங்கள். அடியில் பெரிய கருங்கல் ஒன்றோ தடித்த இரும்புத் துண்டோ இருக்க வேண்டும். வெறும் மண்ணில் வைத்து அடித்தால் அடியின் பாதி மண்ணுக்குப் போய்விடும். சீமெந்துத் தரையில் வைத்தால் தரை உடையும். மூன்று நான்கு இறாத்தல் எடையுள்ள சம்மட்டி போதும். ஆணி அடிக்கும் சாதாரணச் சுத்தியலைப் பாவிக்கக் கூடாது. அதன் முகம் கடினமாக்கப்பட்ட உருக்கு. கல்லில் பட்டால் உருக்கே சில்லாகத் தெறிப்பதுண்டு. கைக்குத் தோல் கையுறை, காலுக்குச் சப்பாத்து. இறப்பர்ச் செருப்போடு சம்மட்டி தூக்குவது நம் ஊர் வழக்கம். அந்த வழக்கத்தை இதற்காவது விட்டுவிடலாம்.

ஓங்கி ஒரே அடியாக அடித்தால் கல் தூளாகிப் பாதி வீணாகும். மிஞ்சிய துண்டுகளிலும் உள்வெடிப்புகள் நிற்கும். அவை பீப்பாவில் ஒரு வாரம் உருண்ட பிறகே வெளியே தெரியும். கல்லில் ஏற்கனவே ஒரு கோடோ வெடிப்போ இருக்கும். அதைத் தேடி, அந்தக் கோட்டின் மேல் நடுத்தர அடியாக இரண்டு மூன்று அடிப்பது நல்லது. துண்டுகள் விரல் நுனி அளவிலிருந்து பெரிய நெல்லிக்காய் அளவு வரை கலந்து வந்தால் திருப்திப்படலாம். கத்தி போன்ற மெல்லிய சில்லுகளைப் பொறுக்கி எறியுங்கள். பீப்பாவுக்கு அவை உதவா.

கல்லை அடுப்பில் சூடாக்கிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் தானாக உடையும் என்று ஒரு யோசனை உலவுகிறது. வேண்டவே வேண்டாம். உள்ளே அகப்பட்ட ஈரம் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறலாம். உடைந்து வரும் துண்டும் நூறு வெடிப்புகளோடுதான் வரும். கம்பாத்தில் நெருப்பு வைக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே மாதக் கணக்கில் காயவைத்து, இரவு முழுதும் மெல்லச் சூடேற்றி, மெல்ல ஆறவிடுகிறார்கள். தண்ணீர் அதன் கிட்டவும் வராது. அடுப்பு மேல் செய்யும் அவசர வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஓடு வெட்டும் கிரைண்டரால் கல்லை உலர்வாக அறுப்பதை நான் முற்றாக எதிர்க்கிறேன். சம்மட்டி பத்து நாளில் எழுப்பாத நுண்தூசை அது பத்து நிமிடத்தில் எழுப்பிவிடும். வாயில் கட்டும் கைக்குட்டையோ முந்தானையோ அந்தத் தூசைத் தடுக்காது; நூலிழைகளின் இடைவெளி துகளை விடப் பல மடங்கு பெரிது. தூசு எழும் வேலையைச் செய்தே ஆக வேண்டியவர்கள் என்-95 என்று குறிக்கப்பட்ட முகமூடியைக் காற்றுப் புகாமல் பொருத்தி அணிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலானது தண்ணீர். ஈரமான கல் தூசு தருவது மிகக் குறைவு.

எந்தக் கல் என்பதும் முக்கியம். பச்சை மாலக்கைட்டில் செம்பு இருக்கிறது. ஈயம் போல மின்னும் கனத்த சாம்பல் நிறக் கல் ஈயத் தாதுவாகவே இருக்கலாம். சிவந்த சின்னபார் இரசத் தாது. நார் நாராகப் பிரியும் கல்லில் கல்நார் இருக்கக்கூடும். இன்னதென்று தெரியாத கல்லை உடைக்காமல் விட்டுவிடுவதே நல்லது. பேருவளைச் சீனங்கோட்டையிலோ இரத்தினபுரியிலோ கல் வியாபாரம் தெரிந்த உறவினர் நம்மில் பலருக்கு இருப்பார்; காட்டிக் கேட்டால் சொல்லிவிடுவார். நீலக்கல்லும் மாணிக்கமும் அலுமினிய ஒக்சைட்டு, சிலிக்கா அல்ல என்பதையும் அவர்தான் நன்றாக விளக்குவார். செவ்வந்திக்கல் மட்டும் பளிங்கு இனம், அதாவது சிலிக்கா.

வேலை முடிந்ததும் தும்புத்தடியால் பெருக்கினால் அடங்கிய தூசு மீண்டும் எழும். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். உடைத்தவரின் உடுப்பைக் கைக்குழந்தையின் துணியோடு சேர்த்து வைக்காமல், உதறாமல், தனியே நனைத்துத் துவையுங்கள். பீப்பாவிலிருந்து வாராவாரம் வரும் சேற்றைக் குசினித் தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் படிந்து சீமெந்தாக இறுகிவிடும். பிறகு பிளம்பருக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு இயந்திரமே வாங்கலாம். ஒரு பழைய வாளியில் ஊற்றித் தெளியவிட்டு, மேல் நீரை வடித்து, அடிச்சேறு காய்வதற்கு முன் பையில் கட்டிக் குப்பையோடு அனுப்புங்கள். காய்ந்தால் அதுவும் தூசுதான்.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியது

கல்லோடு பிழைக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. நமது நாட்டில் வீதியோரத்தில் அமர்ந்து சிறு சுத்தியலால் கருங்கல்லைச் சல்லியாக உடைத்த பெண்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கல்லுடைப்பவர், சாணை பிடிப்பவர், கிணறு வெட்டுபவர், ஓடு அறுப்பவர் எனப் பலரின் வீடுகளில் இருமல் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதையும் விடாத உலர் இருமலையும் வயசு என்றும் பீடி என்றும் சொல்லித் தள்ளிவிடுகிறோம்.

சிலிக்கோசிஸின் எக்ஸ்ரே படம் காசநோயின் படத்தோடு மயங்கக்கூடியது. அதிலும் சிக்கல், சிலிக்காத் தூசு படிந்த சுவாசப்பையைக் காசநோய் எளிதில் பற்றிக்கொள்ளும். இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம். காசநோய்க்கு மருந்து உண்டு, முழுமையாகச் சாப்பிட்டால் குணமாகும். மற்றதற்கு அந்த மருந்து பயன் தராது. மருந்து குடித்தும் மூச்சுத் திணறல் தீரவில்லையென்றால் நோயாளியும் குடும்பமும் மனம் உடைந்து போகிறார்கள். வைத்தியர் "என்ன தொழில்?" என்று கேட்டால் "கூலி வேலை" என்று சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். பெண்களோ "வீட்டில்தான் இருக்கிறேன்" என்பார்கள். கல் உடைத்தது எத்தனை வருடம், உலர்வாகவா ஈரமாகவா, வீட்டுக்குள்ளா வெளியிலா, வீட்டில் வேறு யார் உடைத்தது என்பவற்றை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டே போங்கள். கணவர் சொல்ல மறந்தால் பக்கத்தில் நிற்கும் நீங்கள் சொல்லுங்கள்.